காலி டம்ளர்

முட்டை வாசற்படி தாண்டி உள்ளே வந்திராத வீடு அது. அந்த வீட்டுச் சமையலறையில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அழுகின முட்டை நாறியது.

அனுசுயா முதலில் சிங்க்கைத்தான் சந்தேகப்பட்டாள். சல்லடையைக் கழற்றி வெந்நீர் ஊற்றினாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்து, வாழைப்பூ மடலையும் ஊசிப்போன தேங்காய்ச் சில்லையும் விலக்கிப் பார்த்தாள். கேஸ் ரெகுலேட்டரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கத்திரி வெயில் இறங்கியும் இறங்காமலும் இருந்தது. கொள்ளிடத்திலிருந்து வந்த காற்றில் சுட்ட மணலின் வாடையும், எங்கேயோ நெய்யில் வதங்குகிற முந்திரியின் வாடையும், கோயில் பக்கமிருந்து துண்டு துண்டாக மணிச்சத்தமும் வந்தன. எதுவும் இதுவல்ல. இந்த நாற்றம் வெளியிலிருந்து வரவில்லை. பாத்திர அலமாரிக்கு முன்னால், ஒரே இடத்தில், ஆள் நிற்பது மாதிரி நின்றது. இரண்டடி தள்ளிப் போனால் இல்லை. திரும்பி வந்தால் அங்கேயே இருந்தது. முட்டைக்கு அடியில் மாட்டுத்தொழுவத்து மூத்திர நெடி. அதற்கும் அடியில், கெட்டுப்போன பாதாமைக் கடித்துவிட்ட ஒரு கசப்பு.

எதிர் ஃப்ளாட் மலர்க்கொடியைத் தட்டிக் கேட்டாள்.

"ஐயோ அக்கா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. கவிச்சியைக் கையாலகூடத் தொட மாட்டோம். உங்களுக்கு மூக்குல ஏதாவது கோளாறா இருக்கும், ஆவி பிடிங்க."

மூக்கைக் குறை சொன்ன கோபத்தோடு திரும்பி வந்தவள்தான் டம்ளரைக் கவனித்தாள். அலமாரியில் கல்யாணச் சீர் டம்ளர்கள் கவிழ்ந்திருந்த வரிசையில் ஒன்று கூடுதலாக இருந்தது. அது மட்டும் நிமிர்ந்திருந்தது. அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டதும் விரல் நுனி ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிட்டது.

உறைபனி. மே மாதத்துத் திருச்சியில், ஃபேன் போட்டாலே அனல் கொட்டுகிற சமையலறையில், ஒரு டம்ளர் முழுக்க உறைபனி.

குழாயடியில் காட்டினாள். பனி கரைந்து, சாம்பல் கலந்த தண்ணீராக ஓடியது. உள்ளே ஒன்றுமில்லை. விளிம்பில்லாத, மங்கின சாம்பல் நிறப் பாத்திரம். எவர்சில்வரை விட லேசு. எங்கேயோ பார்த்த பாத்திரம் என்று தோன்றியது. நம்முடையது இல்லையென்றால் மலர்க்கொடியினுடையதாக இருக்கும், அவள் வீட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்ததை யாரோ மாற்றி வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டினாள். பயப்படுவதற்கு முன்னால் மனுஷர்கள் இப்படி ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்வதுண்டு.

"தர்ஷி! இதை மலரக்கா வீட்ல குடுத்துட்டு வா."

தேவதர்ஷினி டிவியை விட்டு எழுந்து வந்தாள். ஒன்பது வயது. போன வருஷம் ஸ்கூல் ஊஞ்சலிலிருந்து விழுந்து, புதிதாக முளைத்த முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. சிரித்தால் அந்த முக்கோண இடைவெளிதான் முதலில் தெரியும். டம்ளரை வாங்கியவள், சொல்லாமலே சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை உள்ளே போட்டுக்கொண்டாள்.

அனுசுயா மகளுக்கு ஊட்டி வளர்த்த பழக்கம் அது. ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. பாயசமோ பணியாரமோ இல்லாவிட்டால் போகிறது, ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாசற்படிக்கு வெளியே நின்று, இரண்டு கையாலும் நீட்டி, "அம்மா இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்ல வேண்டும். தர்ஷி அதை ஸ்கூல் பிரேயர் மாதிரி ஒரு ராகத்தோடு சொல்வாள். மலர்க்கொடி அதைக் கேட்பதற்காகவே கதவைச் சாத்தி வைப்பாள்.

குழந்தை உடனே திரும்பி வந்தது, டம்ளரோடு.

"அவங்களுது இல்லியாம்."

சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்க்கரையோடு அப்படியே மேடையில் வைத்தாள்.

காலையில் சர்க்கரை இல்லை. எறும்பும் இல்லை. டம்ளரின் அடியில் ஒரு பால் பல் கிடந்தது.

அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பல்லின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. தர்ஷிக்குச் சின்ன வயதில் இரும்புச்சத்து மருந்து கொடுத்துக் கொடுத்துப் பட்ட கறை. முதலில் விழுந்த பல்லில் மட்டும் இருந்த கறை. அந்தப் பல் எங்கே இருக்கிறது என்பது உலகத்தில் அனுசுயா ஒருத்திக்குத்தான் தெரியும். அது இந்த வீட்டில் இல்லை. இந்த ஊரில் இல்லை.

பூமியிலேயே இல்லை.

கையிலிருந்ததைச் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எதுவுமே நடக்கவில்லை என்ற பாவனையில் டிபன் பாக்ஸைக் கட்டினாள். ஸ்கூல் லீவு நாட்களில் செய்வது போலக் குழந்தையை மலர்க்கொடியிடம் விட்டுவிட்டுத் துவாக்குடிக்கு பஸ் ஏறினாள்.

அனுசுயா வேலை பார்ப்பது துவாக்குடியில், நுணுக்கமான உலோகச் சாமான்கள் கடைந்து கொடுக்கிற ஒரு பட்டறையில். கடைந்து வந்ததை அளந்து பார்த்துச் சரி என்று சொல்கிற வேலை அவளுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு வால் நட்சத்திரத்தைக் கிட்டப் போய் ஆராய நாலைந்து நாடுகள் சேர்ந்து ஒரு விண்கலம் அனுப்பின. அதன் நீண்ட கையின் நுனியில் மாட்டுகிற டைட்டானியம் கிண்ணத்தை இவர்கள் செய்து கொடுத்தார்கள். அந்தக் கை வால் நட்சத்திரத்தின் மேல் இறங்கும், கிண்ணத்தின் மூடி திறக்கும், தூசியை அள்ளும், அங்கேயே சூடாக்கி என்னென்ன வாயு இருக்கிறது என்று முகர்ந்து சொல்லும். விண்கலம் திரும்பி வராது. பட்டறையில் எல்லோருக்கும் அது வெறும் டம்ளர்தான். மேஸ்திரி பிலோமின்ராஜ் வைத்த பெயர்.

மூடியைப் பூட்டி முத்திரை வைப்பதற்கு முன்னால் கடைசிக் கை அனுசுயாவுடையது. அன்றைக்குக் காலையில்தான் தர்ஷிக்கு முதல் பல் விழுந்திருந்தது. கூரை மேல் எறியச் சொல்லிக் குழந்தை கொடுத்த பல் கைக்குட்டை முடிச்சில் இருந்தது. ஃப்ளாட்டில் கூரைக்கு எங்கே போவது? தூசி புகாத அந்த அறையில், காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற பாத்திரம். வெறுமனே அனுப்ப அவளுக்குக் கை கூசியது. அத்தோடு, யார் வீட்டுக் குழந்தையின் பல் நட்சத்திரத்துக்குப் போயிருக்கிறது என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. பல்லை உள்ளே போட்டு மூடியைத் திருகினாள். எடையில் அது கணக்குக்கே வரவில்லை. பெருமையாக இருந்தது. புருஷன் அழகிரியிடம்கூடச் சொல்லவில்லை.

பட்டறை வாசலிலேயே பிலோமின்ராஜ் காத்துக்கொண்டிருந்தார்.

"அனுசுயாம்மா, ஒரு விஷயம். வெளியில மூச்சு விடாதீங்க. நம்ம டம்ளரக் காணோமாம்."

"காணோம்னா?"

"ஞாயித்துக்கிழமை மூடியத் திறந்திருக்காங்க. முதல் தடவ முகர்ந்து பாத்து அனுப்பியிருக்கு. அழுகின முட்டை, மாட்டு மூத்திரம், கசந்த பாதாம். வால் நட்சத்திரம் பாக்க அவ்ளோ அழகா இருக்கு, ஆனா நாத்தம் குடலப் புடுங்குமாம்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதுக்கப்புறம் எடுத்த படத்துல டம்ளர் இல்லம்மா. உடைஞ்சிருந்தா உடைஞ்ச இடம் தெரியணும்ல? மரையெல்லாம் சுத்தமா இருக்கு. யாரோ நிதானமா திருகிக் கழட்டின மாதிரி. கை மட்டும் நீட்டினபடியே நிக்குது. நாம மரைய லூசா விட்டுட்டோம்னு நம்ம தலைல கட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

அவருக்கு அந்தப் பயம். அனுசுயா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அரை நாள் லீவு கேட்கலாமா என்று யோசித்து, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், சாயங்காலம் வரை அளக்க வேண்டியதையெல்லாம் தப்புத் தப்பாக அளந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மலர்க்கொடி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே சமையலறை. டம்ளரைத் துணியால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினாள்.

பொலபொலவென்று மேடை முழுக்கப் பற்கள் கொட்டின. வாய் வரை நிறைந்திருந்தன. எல்லாம் ஒரே பல். ஒரே அளவு, ஒரே வளைவு, நடுவில் அதே பழுப்புப் புள்ளி. ஒன்றைப் பார்த்து இன்னொன்றாக, சலிக்காமல் செய்து வைத்த மாதிரி.

டம்ளரின் அடியில் கீறியிருந்தது ஒரு சின்ன 'அ'. தான் பார்த்துச் சரி சொன்ன சாமானில் அவள் போடுகிற அடையாளம்.

நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் புத்தி, இத்தனை வருஷமாகப் பழகின தடத்திலேயே போயிற்று. நான் பாத்திரத்தில் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். வாங்கிக்கொண்டது பாத்திரத்தை வெறுமனே திருப்பவில்லை. கொடுத்ததையே நிறைத்துத் தந்திருக்கிறது. அதாவது, அதற்கு முறை தெரிந்திருக்கிறது. இனி என் முறை. அது காத்திருக்கும்.

அப்படியானால் முடிக்கிற வழியும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அழகிரியின் அக்கா ஒரு தீபாவளிக்கு மறுநாள் பட்சணத் தூக்கை மொட்டையாகத் திருப்பி அனுப்பினாள். ஒரு சர்க்கரை மணிகூட இல்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அன்றோடு அறுந்தது. காலிப் பாத்திரத்தை விடத் தெளிவான பதில் கிடையாது.

பற்களை வாரி ஒரு கவரில் கட்டி, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். மலர்க்கொடி வீட்டிலிருந்து தர்ஷி வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் வீட்டுக்கும்மா?"

"யார் வீட்டுக்கும் இல்ல."

"காலியாவா குடுக்கப் போற?"

"ஆமா."

"நீதானே கூடாதுன்னு சொல்லுவ?"

"வாயை மூடிட்டு உள்ள போடி! எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!"

குழந்தையின் முகம் சுருங்கியது. அனுசுயா அதைப் பார்க்கத்தான் பார்த்தாள். அப்புறம் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று மாடியேறினாள்.

மொட்டை மாடியில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. மேற்கே தென்னை மரங்களுக்கு மேல், வால் நட்சத்திரம் தெரிய ஆரம்பித்திருந்தது. இந்த வாரம் முழுக்க ஊரே அதைப் பார்க்கப் படித்துறைக்கும் கொள்ளிடப் பாலத்துக்கும் கிளம்பிப் போகிறது. வெள்ளையாக, மங்கலாக, தலை கீழும் வால் மேலுமாக நின்றது. அழகாகத்தான் இருந்தது. அனுசுயா கைப்பிடிச் சுவரில் டம்ளரை வைத்தாள். உள்ளே விரலை விட்டு ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. காலி.

"போதும்," என்றாள் வானத்தைப் பார்த்து. "இனிமே ஒண்ணும் வேணாம். குடுக்கவும் வேணாம், வாங்கவும் வேணாம்."

படியிறங்குகையில் கரண்ட் போயிற்று. ஃப்ளாட் முழுக்க ஃபேன்கள் ஓய்ந்த அமைதியில், சமையலறைக்குள் கால் வைத்தவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றம் இல்லை. துளசி வாடை, எண்ணெய் வாடை, தன் வியர்வை வாடை. அவ்வளவுதான். போய்விட்டது. கதவுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு, சத்தமில்லாமல், ஆனந்தமாக அழுதாள். முகத்தைக் கழுவினாள். சாமி அலமாரியில் விளக்கேற்றினாள். தர்ஷிக்குப் பிடிக்கும் என்று, அந்த வெளிச்சத்திலேயே அப்பளம் பொரித்து எடுத்தாள். அழகிரியிடமிருந்து மெஸேஜ்: துறையூர் பேங்க்கிலிருந்து கிளம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து ஸ்கூட்டரை எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு.

"தர்ஷி, வாடா கண்ணு. அப்பளம் ஆறிடும்."

பதில் இல்லை.

கோபமாக இருக்கும். இருக்கட்டும். கொஞ்சினால் சரியாகிவிடும். செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போனாள். கட்டிலில் இல்லை. பாத்ரூமில் இல்லை.

திரும்பி வரும்போதுதான் மேடையைப் பார்த்தாள். சர்க்கரை டப்பா திறந்திருந்தது.

மூடி கீழே கிடந்தது. சின்னக் கையில் அள்ளிக்கொண்டு ஓடியதில் சிந்தின சர்க்கரை, மேடையிலிருந்து தரைக்கு. தரையிலிருந்து ஹாலுக்கு. ஹாலிலிருந்து வாசலுக்கு. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. மாடிப்படியிலும் மின்னியது.

அம்மா தப்புப் பண்ணிவிட்டாள். குழந்தை சரி பண்ணப் போயிருக்கிறது.

அனுசுயா ஓடினாள். படி தடுக்கியது. முழங்கால் இடித்தது. எழுந்தாள். ஓடினாள்.

மாடியில் யாரும் இல்லை.

"தர்ஷி!"

சர்க்கரை கைப்பிடிச் சுவர் வரை போயிருந்தது. அங்கே நின்றிருந்தது. சுவரின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில் சைக்கிள் ஒன்று போனது. யாரோ சிரித்தார்கள். குழந்தை இல்லை. விழுந்திருக்கவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியது.

டம்ளரும் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக உறைபனி. பக்கத்தில் இரண்டு சின்னக் கால் தடங்கள். அதுவும் உறைபனி. பகலெல்லாம் காய்ந்த தளம் அவள் உள்ளங்காலைச் சுட்டது. அந்தத் தடங்கள் மட்டும் உருகவில்லை.

மேற்கே பார்த்தாள். வால் நட்சத்திரம் அதே இடத்தில் இருந்தது. அழகாக.

கீழே, வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மரியாதையாக. விரல் கணுவால்.

இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. பாதிப் படியிலேயே நாற்றம் எதிர்ப்பட்டது. முட்டை. தொழுவம். பாதாம்.

தேவதர்ஷினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் உள்ளே போகவில்லை. வாசற்படிக்கு வெளியே, வேற்று வீட்டுப் பிள்ளை நிற்கிற மாதிரி நின்றாள். அதே பச்சைப் பாவாடை. அதே ரெட்டைப் பின்னல். கையில் டம்ளர். அம்மாவின் காலடி கேட்டுத் திரும்பினாள். இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள்.

"அம்மா இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அதே ராகம். அனுசுயா சொல்லிக் கொடுத்த ராகம்.

"எந்த அம்மா?" கேட்டாளா, நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

குழந்தை பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. குளிர் நாட்டில் பேசுகிறவர்களுக்கு வருமே, அது. அனுசுயாவின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

டம்ளரை வாங்கினாள். கை தானாகவே வாங்கியது. செல்போன் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

பற்கள். ஆனால் இந்தத் தடவை ஒரே பல் இல்லை. பெரிது, சின்னது, கடைவாய்ப் பல், கோரைப் பல். வேரோடு. வேரில் சிவப்பு. இன்னும் ஈரம். எல்லாவற்றுக்கும் மேலே, ஓரம் முக்கோணமாக உடைந்த ஒரு முன்பல்.

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

குழந்தை சிரித்தது. வாய் நிறையப் பற்கள். உடைந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வளைவு. மேல் வரிசை, கீழ் வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பழுப்புப் புள்ளி.

"வெறும் பாத்திரமா அனுப்பலம்மா," என்றது. "டம்ளரக் கையோட வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

ஒரு கையை நீட்டியது.

கீழே ஸ்கூட்டர் நின்றது. மாடிப்படியில் அழகிரியின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. "தர்ஷிக்குட்டி, என்னடா இருட்டுல வாசல்ல நிக்கற?"

அது திரும்பவில்லை. கை மட்டும் நீட்டினபடியே நின்றது.